கீழே ஆட்கள் இல்லாத நகரம்

1912இல் பிகாசோ வரைந்த சிறிய ஓவியம் ஒன்றில் சிப்பி ஓடுகளுக்குப் பக்கத்தில் ஒரு கையேடு கிடக்கிறது. அட்டையில் பிரெஞ்சுக் கொடியின் மூன்று நிறங்கள். அதன்மேல் பாதி வெட்டுப்பட்ட எழுத்துகளில் ‘நமது எதிர்காலம் வானில்’ என்ற வாசகம். கையேடு பிகாசோவின் கற்பனை இல்லை. பிரான்ஸ் தன் இராணுவத்துக்கு விமானம் சேர்க்க வேண்டும் என்று மக்களை உசுப்புவதற்காக மிஷெலின் டயர் கம்பனி அச்சடித்துப் பரப்பியது. அந்த நாட்களில் பிகாசோவுக்கும் விமானப் பித்து. பொருட்களை உடைத்துத் துண்டு வடிவங்களாக அடுக்கும் கியூபிச ஓவியப் பாணியில் தன் கூட்டாளியான பிராக்கை, ரைட் சகோதரர்களில் மூத்தவரான வில்பரின் பெயரைத் திரித்து ‘வில்பூர்க்’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வானத்தில் அவர்கள் இருவர் செய்ததைக் கான்வாஸில் நாங்கள் இருவர் செய்கிறோம் என்ற இளமைத் திமிர்.

இருபத்தைந்து ஆண்டு கழித்து அதே கை, விமானக் குண்டுவீச்சில் எரிந்த ஊரின் ஓவியமான குவெர்னிகாவை வரைந்தது.

இந்த இரண்டுக்கும் நடுவே ஐரோப்பிய ஓவியர்கள் விமானத்தை என்ன பாடு படுத்தினார்கள், விமானம் அவர்களை என்ன பாடு படுத்தியது என்பதைத் துருவிப் பார்ப்பது எனக்கு ஒரு பழக்கமாகிவிட்டது. கலை வரலாற்றுப் புத்தகங்கள் இதை ‘இயந்திர வழிபாடு’ என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடும். எனக்கு அந்த மூட்டை போதவில்லை. விமானம் வரும் ஓவியம் எதைப் பார்த்தாலும் முதலில் நான் தேடுவது, வரைந்தவர் எங்கே இருந்துகொண்டு பார்க்கிறார் என்பதைத்தான். தரையில் நின்று அண்ணாந்தா, விமானியின் இருக்கையிலிருந்தா, அல்லது கூரைக்குக் கீழே ஒடுங்கிக்கொண்டா? நிறமும் கோடும் பாணியும் அதற்குப் பிறகு.

முதல் உலகப்போருக்கு முன்னால் எல்லோரும் தரையில்தான் நின்றார்கள். 1909 ஜூலை 25 அன்று லூயி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்தார். ரொபேர் டெலோனே 1914இல் அவருக்கு ஒரு பெரிய ஓவியத்தைக் காணிக்கையாக்கினார். இப்போது பாசல் நகரில் இருக்கிறது. வண்ணத் தட்டுகள் சுழன்றுகொண்டே இருக்கும். ஒரு மூலையில் ஈபல் கோபுரம், அதற்கு மேலே இரட்டைச் சிறகு விமானம், இன்னொரு பக்கம் புரொப்பெல்லர். தேர்த்திருவிழாவில் கூட்டத்துக்குள் நின்று எட்டிப் பார்ப்பவனின் சந்தோஷம் அதில் இருக்கிறது. அதற்குமேல் அந்தப் படத்திடம் எதுவும் கேட்க முடியாது, கேட்கவும் வேண்டாம்.

போர் வந்து போனது. விமானம் உளவு பார்க்கும், சுடும், குண்டு போடும் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அப்படியிருந்தும் இருபதுகளில் மோகம் குறையவில்லை, இரட்டிப்பானது. லிண்ட்பெர்க் 1927இல் தனியாக அட்லாண்டிக்கைக் கடந்தபோது பாரிஸே திரண்டு போய் வரவேற்றது. இந்த மோகத்தை ஓர் ஓவிய இயக்கமாகவே ஆக்கியவர்கள், வேகத்தையும் இயந்திரத்தையும் கொண்டாடிய இத்தாலியின் ஃபியூச்சரிஸ்டுகள். அவர்களுடைய முதல் தலைமுறையின் பெரிய கலைஞர் பொச்சியோனி, வேகத்தையே தெய்வமாக வைத்தவர், 1916இல் இராணுவப் பயிற்சியின்போது குதிரையிலிருந்து விழுந்து செத்தார். விதிக்கும் சில நேரம் நக்கல் பிடிக்கும்.

அடுத்த தலைமுறை மேலே ஏறியது, நிஜமாகவே. போரில் விமானியாக இருந்த ஃபெதேலே அசாரி, வானத்திலிருந்து தெரியும் நிலத்தை வரைந்து 1926 வெனிஸ் பியனாலே கலைக் கண்காட்சியில் வைத்தார். 1929 செப்டம்பரில் தூரின் நகரப் பத்திரிகை ஒன்றில் அறிக்கை வந்தது. இயக்கத்தைத் தொடங்கிய மரினெட்டி, அவர் மனைவி பெனெதெத்தா, பல்லா, தெப்பேரோ, தொத்தோரி, ஃபிலியா, பிரம்பொலினி, சொமென்சி, தாத்தோ என்று ஒன்பது பேர் கையெழுத்து. பறத்தலின் மாறிக்கொண்டே இருக்கும் கோணங்கள் முற்றிலும் புதிய ஒரு யதார்த்தம். தரையில் நின்று பார்த்தவர்கள் உண்டாக்கிய பழைய யதார்த்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்றார்கள். இந்தப் பாணிக்கு ‘ஏரோபிட்டுரா’ என்று பெயர் வைத்தார்கள். நாம் வான் ஓவியம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

அந்த அறிக்கையில் ஒரு வரி எனக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது. மேலிருந்து வரைகிறவருக்கு நுணுக்கங்கள்மீது ஆழ்ந்த இளக்காரம் வேண்டும். எல்லாவற்றையும் சுருக்கித் திரட்டி உருமாற்ற வேண்டும் என்கிறது அது. ஓவியத் தொழில்நுட்பமாக மட்டும் எடுத்தால் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆயிரம் அடி உயரத்தில் வேகமாகப் போகிறவனுக்கு இலையா தெரியும்? ஆனால் ஒரு தெருவை மேலிருந்து பார்க்கும்போது எவையெல்லாம் நுணுக்கம்? கொடியில் காயும் துணி, சைக்கிளில் போகிறவர், வாசலில் உட்கார்ந்து கீரை ஆயும் கிழவி.

இந்த வரியை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றிய ஓவியம் துல்லியோ கிராலி 1939இல் வரைந்தது. ‘குடியிருப்புக்குள் ஆப்பாக இறங்கும்போது’ என்று தலைப்பைத் தமிழில் சொல்லலாம். வட இத்தாலியில் ரொவெரெத்தோ நகரின் மார்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒன்றரை மீட்டர் அகலம். விமானியின் பின்னால் நாம் உட்கார்ந்திருக்கிறோம். அவருடைய கருத்த தலையும் தோளும் நமக்கு முன்னே. சுற்றிலும் காக்பிட் கண்ணாடியின் சட்டங்கள். விமானம் மூக்குக் குத்தி நேரே கீழே பாய்கிறது. நாலு பக்கமும் அடுக்குமாடிக் கட்டடங்கள் மலர்ந்து விரிவதுபோலச் சரிந்து, சன்னல் வரிசைகளோடு முகத்துக்கு முன்னால் ஏறி வருகின்றன. அடியாழத்தில் ஒடுக்கமான தெரு. விமானி திரும்பிப் பார்க்கவில்லை, தலை அசையவில்லை.

வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்: அது அபாரமான ஓவியம். புத்தகத்தில் கையகலத்துக்கு அச்சான படத்தைப் பார்த்தாலே வயிறு குழியும். கிராலி விமானப் பித்தர், பதினெட்டு வயதிலேயே பறந்தவர். தலைகீழ்ப் பாய்ச்சலில் உடம்புக்கு என்ன ஆகும் என்று தெரிந்து வரைந்திருக்கிறார். அதே ஆண்டு அவர் வரைந்த இன்னொன்றில், பாராசூட் விரிவதற்கு முந்திய கணத்தில் ஒருவர் கைகால் விரித்து விழுகிறார். அதிலும் இதே கிறக்கம். இருபதாம் நூற்றாண்டில் விமான வேகத்தை இவ்வளவு உடம்போடு சேர்த்து வரைந்தவர் வேறு யாரும் எனக்குத் தெரிந்து இல்லை.

அந்தப் புத்தகம் ஒருநாள் என் மேசையில் விரித்தபடி கிடந்தது. லண்டனில் என்னோடு தங்கியிருந்த அம்மா தேநீர் கொண்டுவந்தவர் படத்தை உற்றுப் பார்த்தார்.

“ஆற்றை வீட்டுக்கு மேலை போடப்போறான்?”

“போடேல்லை அம்மா. இது சும்மா ஓட்டிக் காட்டிறது. ஓவியம்.”

“ஓவியம் எண்டு தெரியுது தம்பி. கீழை ஒரு சனத்தையும் காணேல்லை. எல்லாரும் பங்கருக்குள்ளை போட்டினமோ?”

தேநீரை வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் மறுபடி பார்த்தேன். அத்தனை நூறு சன்னல்கள். ஒன்றிலும் ஒரு தலை இல்லை, தெருவில் ஒரு புள்ளிகூட இல்லை. கலை விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதியதில் எனக்குக் கிடைக்காத கேள்வியை அம்மா ஒரு நிமிஷத்தில் கேட்டுவிட்டார். அவருக்கு அது படிப்பால் வந்ததில்லை. யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் எங்கள் வளவில் பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்டு மூடிய பங்கர் ஒன்று இருந்தது. விமானச் சத்தத்தை வைத்தே எது வருகிறது என்று சொல்லப் பிள்ளைகளுக்குத் தெரியும். ஹெலி, சகடை, சியாமாசெட்டி.

இந்தச் சியாமாசெட்டிக்காகத்தான் எங்கள் ஊரை இங்கே இழுத்தேன். எண்பதுகளில் யாழ்ப்பாணத்து வானத்தில் வந்த அந்தச் சின்ன விமானம் எஸ்.எஃப்.260, பயிற்சிக்காகவும் இலேசான தாக்குதலுக்காகவும் செய்யப்பட்டது. செய்தது சியாய்-மார்க்கெட்டி என்ற இத்தாலியக் கம்பனி. வட இத்தாலியின் மாஜ்ஜோரே ஏரி முடிகிற இடத்தில் செஸ்தோ கலெந்தே என்ற ஊரில் 1915இல் கடல்விமானம் கட்டத் தொடங்கியவர்கள். அந்தக் கம்பனியின் பெயரைத்தான் ஊர் தன் வாய்க்கு ஏற்றபடி ஆக்கிக்கொண்டது. வான் ஓவியர்களின் வரலாற்றை வாசிக்கத் தொடங்கியபோது அதே கம்பனி சவோயா-மார்க்கெட்டி என்ற பெயரில் பக்கத்துக்குப் பக்கம் எதிர்ப்படும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

அந்த ஓவியர்கள் கொண்டாடிய விமானப் பயணங்களில் உச்சம் இத்தாலோ பல்போவின் அட்லாண்டிக் பயணம். முசோலினியின் விமானத்துறை அமைச்சர் அவர். 1933 ஜூலையில் இரட்டை ஓடம் வைத்த சவோயா-மார்க்கெட்டி எஸ்.55 கடல்விமானங்களைக் கூட்டமாக ஓட்டிக்கொண்டு ஒர்பெத்தெல்லோவிலிருந்து கிளம்பி, 24 விமானங்களோடு சிகாகோவில் மிச்சிகன் ஏரியில் இறங்கினார். ‘நூற்றாண்டின் முன்னேற்றம்’ என்று பெயரிட்ட உலகக் கண்காட்சி அங்கே நடந்துகொண்டிருந்தது. சிகாகோவில் ஒரு தெருவுக்கு அவர் பெயர் வைத்தார்கள், இன்றும் இருக்கிறது. முசோலினி நன்றியாக அனுப்பிய பழைய ரோமானியத் தூணும் இருக்கிறது. 1940 ஜூனில் லிபியாவின் தொப்ருக் நகருக்கு மேலே, தன் சொந்தப் படையின் பீரங்கியாலேயே சுடப்பட்டுப் பல்போ செத்தார். அப்போது அவர் ஓட்டியதும் அதே கம்பனியின் எஸ்.எம்.79தான். அந்த ரக விமானம் இன்னோர் இடத்துக்குப் போன கதையைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

வான் ஓவியர்கள் எல்லோரும் கிராலி இல்லை. ஜெரார்தோ தொத்தோரி பெருஜியாக்காரர். மலைமேல் இருக்கும் ஊர். அங்கே பிறந்தவர்கள் விமானம் வருவதற்கு முன்பே பள்ளத்தாக்கை மேலிருந்து பார்த்துப் பழகியவர்கள். அவருடைய உம்ப்ரியா நிலக்காட்சிகளில் குன்றுகளும் ஏரியும் வயலும் உருண்டையாகத் திரண்டு நிற்கும், அடிவானம் வளையும், பழைய தேவாலயச் சுவரோவியங்களின் அமைதி அதில் உண்டு. இந்த நிதானம் எனக்குக் கிராலியின் பாய்ச்சலைவிடப் பிடித்தமானது. ஆனால் அந்தத் தொத்தோரியே 1933இல் முசோலினியின் தலையைச் சுற்றி விமானங்கள் வட்டமிட ஒரு படமும் வரைந்தார். பிடித்தமானதோடு நிறுத்திக்கொள்ள முடியாத ஆள்.

பெனெதெத்தாவின் வேலையை நான் மிக உயரத்தில் வைப்பேன். ஃபியூச்சரிசத்தின் 1909 அறிக்கை பெண்களை இகழ்ந்து எழுதப்பட்டது. அதை எழுதியவரையே மணந்துகொண்டு, அந்த இயக்கத்தின் மிகத் தெளிவான சுவரோவியங்களைப் படைத்தவர் அவர். பலெர்மோ தபால் தலைமையகத்தின் கூட்ட அறைக்காக 1933-34இல் ஐந்து பெரிய படங்கள் வரைந்தார்: தரை, கடல், வான், வானொலி, தந்தி-தொலைபேசி என்று ஐந்து வகைத் தொடர்புகள். நீலமும் பச்சையும் வெள்ளையுமாக, மெழுகு கலந்த வண்ணத்தின் மங்கிய ஒளியோடு இருக்கும். வான்வழியைக் காட்டும் படத்தில் விமானம் கீழே பாயவில்லை, தபாலைக் கொண்டுபோகிறது. 2014இல் நியூயோர்க் குக்கன்ஹைம் கண்காட்சிக்காகத்தான் அவை முதல் தடவை பலெர்மோவை விட்டு வெளியே போயின.

இதற்கிடையில் 1935 ஒக்டோபரில் இத்தாலி எதியோப்பியாவுக்குள் நுழைந்தது. விமானங்கள் கடுகு வாயுவைக் கொட்டின. முசோலினியின் மகன் விட்டோரியோ அங்கே விமானியாக இருந்தார். குதிரைவீரர் கூட்டம் ஒன்றின் நடுவே குண்டு விழுந்து அவர்கள் சிதறியது ரோஜா மொட்டு மலர்வதுபோல இருந்தது என்று பிறகு எழுதினார். அறிக்கை வேண்டிய ‘சுருக்கித் திரட்டி உருமாற்றுதல்’ இதைவிடக் கச்சிதமாக எப்படி அமையும்? மரினெட்டியும் போர் அழகானது என்று அந்தப் படையெடுப்பைப் போற்றி எழுதினார். எல்லாப் பாவத்தையும் ஓவியர்களின் தலையில் கட்ட நான் வரவில்லை. குண்டு போட்டவர்கள் ஓவியம் பார்த்துவிட்டா போட்டார்கள்? ஆனால் இரண்டு தரப்பும் ஒரே சன்னலால் எட்டிப் பார்த்தன.

ரஷ்யர்களிடம் போனால் காட்சி மாறுகிறது. மாலெவிச், 1927இல் ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளி வெளியிட்ட தன் நூலில் வானிலிருந்து எடுத்த நிலப் புகைப்படங்களைச் சேர்த்து, வெறும் வடிவங்களால் ஆன தன் ஓவியப் பாணியான சுப்ரமட்டிசத்தைத் தூண்டும் சூழல் இதுவே என்று காட்டினார். டாட்லின் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மூன்று நான்கு ஆண்டு ஒரு பறவை இயந்திரம் கட்டினார். எஞ்சின் கிடையாது; மரச் சட்டம், பட்டுத்துணி, ஏறிப் படுத்து மனிதனே சிறகடிக்க வேண்டும். 1932இல் மொஸ்கோவில் காட்சிக்கு வைத்தார்கள். பறக்கவே இல்லை. சைக்கிள் மாதிரி ஆளுக்கு ஒன்று என்பது அவர் கனவு. முப்பதுகளின் கனவுகளில் யாரையும் கொல்லாத கனவு அது ஒன்றுதானோ என்று தோன்றும்.

அலெக்சாந்தர் தெய்னேக்காவின் ‘வருங்கால விமானிகள்’ 1938இல் வந்தது. செவஸ்தபோல் கடற்கரை மதில்மேல் மூன்று பையன்கள், வெயிலில் கறுத்த முதுகு நமக்குத் தெரிய உட்கார்ந்திருக்கிறார்கள். தூரத்தில் ஒரு கடல்விமானம். பெரியவன் சின்னவர்களுக்கு ஏதோ விளக்கிச் சொல்வதுபோல இருக்கிறது. நம் பார்வை பையன்களோடு தரையிலேயே நிற்கிறது. முதுகெலும்பின் வரி, மதிலின் சூடு, எல்லா நுணுக்கமும் உண்டு. அரசுப் பிரசாரம்தான், மறுப்பதற்கில்லை. ஆனாலும் அந்த முதுகுகளைப் பார்த்து எனக்குப் பயம் வருகிறது. மூன்றே ஆண்டில் செவஸ்தபோல் முற்றுகைக்குள் போய்விட்டது. 1942இல் அதே தெய்னேக்கா அந்த ஊரின் தற்காப்புப் போரை வரைய வேண்டி வந்தது.

அவருடைய இன்னொரு படைப்பு மொஸ்கோவின் மயக்கோவ்ஸ்கயா மெட்ரோ நிலையத்தில் இருக்கிறது. 1938இல் திறந்தார்கள். நிலத்துக்கு அடியில் முப்பது மீட்டருக்கும் ஆழம். கூரையில் நீள்வட்டக் குழிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு மொசைக் வானம். சோவியத் நாட்டின் ஒரு முழு நாள், விடியலிலிருந்து இரவு வழியாக மறு காலைவரை, முப்பதுக்கும் மேற்பட்ட துண்டுகளாக: விமானங்கள், பாராசூட்காரர்கள், ஆகாயக் கப்பல், பூத்த கிளைகள். ரயிலுக்கு நிற்பவர் அண்ணாந்தால்தான் தெரியும். 1941இல் ஜெர்மன் விமானங்கள் மொஸ்கோமீது குண்டு போட்டபோது சனம் இந்த நிலையத்துக்குள் இறங்கித்தான் படுத்தது. மேலே நிஜ வானத்தில் விமானம், அதற்குக் கீழே மண், அதற்குக் கீழே மொசைக் விமானம், அடியில் மனிதர். அந்த நவம்பர் 6 அன்று ஸ்டாலின் உரையாற்றியதும் அந்த மேடையிலேயே. பங்கருக்குள் இப்படி ஒரு கூரை இருந்திருந்தால் அம்மா என்ன சொல்லியிருப்பாரோ!

இனி 1937 பாரிஸ். அந்த ஆண்டின் உலகக் கண்காட்சி, நவீன வாழ்வில் கலையும் தொழில்நுட்பமும் என்ற தலைப்பில் நடந்தது. விமான மாளிகையின் உள்ளலங்காரத்தை ரொபேர் டெலோனேயும் ஃபெலிக்ஸ் ஓப்லேயும் ஏற்றார்கள். உண்மையான விமானங்களைத் தொங்கவிட்டு, சுற்றிலும் பெரிய வண்ண வளையங்கள். ரொபேரின் மனைவி சோனியா அதே மாளிகைக்கு மூன்று பிரமாண்டமான படங்கள் வரைந்தார்: புரொப்பெல்லர், எஞ்சின், கருவிப் பலகை. சுவீடனின் லுண்ட் நகர அருங்காட்சியகத்தில் இருக்கும் அவற்றை 2015இல் லண்டன் டேட் மாடர்னுக்குக் கொண்டுவந்தபோது பார்த்தேன். ஏழு மீட்டர் அளவில் கிட்டப் போய் நின்றால் வேறோர் உணர்வு வருகிறது. எஞ்சினின் பற்சக்கரமும் உருளையும் பொறியியலாளரின் வரைபடம்போலத் துல்லியம். அதற்குப் பின்னாலேயே அவருக்கே உரிய வண்ண வட்டங்கள் உருள்கின்றன. விமானமே கிடையாது. வானமும் கிடையாது. ஒரு மெக்கானிக் பட்டறையில் எல்லாவற்றையும் கழற்றிப் பரப்பி வைத்ததுபோல இருக்கிறது.

அதே கண்காட்சியில்தான் ஸ்பானியக் குடியரசின் மண்டபம். அதற்கு ஒரு சுவரோவியம் வேண்டும் என்று பிகாசோவிடம் சனவரியிலேயே கேட்டிருந்தார்கள். என்ன வரைவது என்று தெரியாமல் மாதக்கணக்கில் இழுத்தார். ஸ்பெயினின் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. ஏப்ரல் 26, திங்கட்கிழமை பிற்பகல், பாஸ்க் நாட்டின் குவெர்னிகா ஊர்மீது குண்டு விழுந்தது. பெரும்பகுதி ஜெர்மனியின் கொண்டோர் படையணி. கூடவே இத்தாலியிலிருந்து மூன்று சவோயா-மார்க்கெட்டி எஸ்.எம்.79. மே முதலாம் தேதி பிகாசோ முதல் கோடு போட்டார். ஜூன் தொடக்கத்தில் முடித்தார். ஜூலையில் மண்டபம் திறந்தது.

மாட்ரிட்டில் அந்தக் குவெர்னிகா ஓவியத்தின் முன்னால் நின்றபோது நான் விமானத்தைத் தேடினேன். இல்லை. குண்டும் இல்லை. எட்டு மீட்டருக்குச் சற்றுக் குறைந்த அகலத்தில் எங்கும் ஒரு சிறகு நுனிகூட இல்லை. உச்சியில் கண்போன்ற வடிவத்துக்குள் ஒரு மின்விளக்கு மட்டும். ஆனால் தலைகள் மேலே போகின்றன. செத்த குழந்தையை ஏந்திய தாய் கழுத்தைப் பின்னுக்கு முறித்து மேலே பார்க்கிறாள். வலது ஓரத்தில் எரியும் வீட்டுக்குள் கைகளை விரித்தவள் மேலே பார்க்கிறாள். விமானம் எங்கே இருக்கிறது என்பது அவர்கள் கழுத்திலிருந்தே தெரிகிறது. கீழே கிடப்பவனின் உள்ளங்கை ரேகை, உடைந்த வாள், அதோடு ஒட்டிய சின்னப் பூ, ஓடுகிறவளின் வீங்கிய பாதம், கத்திமுனைபோல நிற்கும் குதிரையின் நாக்கு. வான் ஓவியர்கள் இளக்காரமாகத் தள்ளச் சொன்ன நுணுக்கங்களை ஒன்று விடாமல் பொறுக்கி வைத்த படம் அது.

வரிசையை மறந்துவிடக் கூடாது. கிராலி தன் பாய்ச்சலை வரைந்தது குவெர்னிகா எரிந்து இரண்டு ஆண்டுக்குப் பிறகு. அதற்குள் பார்சலோனாவும் குண்டு வாங்கிவிட்டது, இத்தாலிய விமானங்களிடமிருந்து. மேலிருந்து தலைகீழாக இறங்கும் ஒருவரின் முன்னால் ஒரு நகரம் இருந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று 1939இல் ஐரோப்பாவில் தெரியாதவர்கள் இல்லை. கிராலியின் விமானத்தில் குண்டு தெரியவில்லை என்று அவருக்காக வாதாடலாம், அம்மாவிடம் நானே அப்படித்தான் வாதாடினேன். ஆனாலும் அந்தச் சன்னல்களைக் காலியாக விட்டது அவர் எடுத்த முடிவு. ஆட்களை வரைந்திருந்தால் அவர்களில் யாராவது ஒருவர் அண்ணாந்து பார்த்திருப்பார். அந்தப் பாய்ச்சலின் சுகம் அந்த நொடியே போயிருக்கும். ஓவியமாக அது வெற்றி பெற்றதற்கே இந்த வெறுமைதான் காரணம் என்பதும், அதனால்தான் என்னால் அதை முழு மனதாக நேசிக்க முடியவில்லை என்பதும் ஒன்றாகவே இருக்கின்றன. இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுத்து விஷயத்தை முடிக்கவும் எனக்கு விருப்பமில்லை.

அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் அதே ஆண்டுகளில் ஆர்ஷில் கார்க்கி நியூவார்க் விமான நிலையத்துக்காக வரைந்துகொண்டிருந்தார். ஆர்மீனிய இனப்படுகொலையில் தப்பியவர். 1919இல் தாயைப் பட்டினிக்குக் கொடுத்துவிட்டு அமெரிக்கா வந்தவர். பெருமந்தக் காலத்தில் வேலையற்ற ஓவியர்களுக்கு அரசு சம்பளம் கொடுத்த திட்டத்தில் அவருக்குக் கிடைத்த பணி அது. மொத்தம் பத்துப் படங்கள், 140 சதுர மீட்டர் அளவில். சோனியாவைப்போல அவரும் பட்டறைக்காரர் பக்கம். இறக்கை, சுக்கான், சக்கரம், முள் காட்டும் கருவி என்று விமானத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, தட்டையான வண்ணத்தில் அடுக்கினார். பயணிகளுக்கு வழக்கமான அழகுப் படம் வேண்டியிருந்தது. பலருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

இரண்டாம் உலகப்போரில் இராணுவம் அந்த விமான நிலையத்தை எடுத்துக்கொண்டது. படங்கள்மேல் சுவர்ப்பூச்சு அடித்தார்கள். அடுக்குக்கு மேல் அடுக்கு. 1970களில் தோண்டித் துருவியபோது பத்தில் இரண்டுதான் மீண்டன. ‘வான்வழி வரைபடம்’, ‘பறத்தலின் இயக்கவியல்’ என்று பெயர். நியூவார்க் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நான் அச்சில் மட்டுமே பார்த்திருக்கிறேன். நியூ ஜெர்சிப் பக்கம் இருப்பவர்கள் யாராவது போயிருந்தால், பூச்சைச் சுரண்டிய தடம் கிட்டப் போனால் தெரிகிறதா என்று எழுதுங்கள்.